தொழிலில் நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில் நடத்துகிறவர்கள் தங்கள் பழைய வெற்றி தோல்விகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் நடத்தும் தொழிலுக்கும் இருநூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

தோல்வியில்தானே பாடம் இருக்கிறது? வெற்றியை எதற்குத் தோண்ட வேண்டும்?

தோல்வி வந்தால் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து யோசிக்கிறோம். வெற்றி வந்தால் கைகுலுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அதனால் வெற்றியைப் பற்றி நம் கையில் இருப்பது யாரும் சரிபார்க்காத ஒரு கதை. அதை நம்பி அடுத்த பெரிய முடிவை எடுக்கும்போதுதான் அடி விழுகிறது.

ரான் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் கடைகளை உருவாக்கி நடத்திப் பெயர் வாங்கியவர். 2011 நவம்பரில் ஜே.சி.பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடைத் தொடரின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அடுத்த பிப்ரவரியிலேயே கூப்பன்களையும் அடிக்கடி அறிவிக்கும் தள்ளுபடிகளையும் நிறுத்திவிட்டு, எப்போதும் ஒரே நேரான விலை என்று மாற்றினார். ஆப்பிள் கடையில் அப்படித்தான் விற்றார்கள், அங்கே யாரும் கூப்பன் கேட்கவில்லை. ஆனால் ஆப்பிள் கடைக்கு மக்கள் வந்தது அந்தப் பொருளுக்காக. ஜே.சி.பென்னிக்கு வந்தவர்களில் பலர் தள்ளுபடிக்காக வந்தவர்கள். முதலில் சில கடைகளில் மட்டும் செய்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. அந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 1,700 கோடி டாலரிலிருந்து சுமார் 1,300 கோடி டாலருக்கு இறங்கியது. 2013 ஏப்ரலில் அவர் பதவி போனது.

அவர் திறமை இல்லாதவர் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. முன்பு ஜெயித்தபோது கூடவே என்னென்ன இருந்தன என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அந்த முறையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் பிரச்சினை. உங்கள் வெற்றியிலும் இதைத்தான் தேட வேண்டும். விலையா, வேகமா, ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரா, போட்டியாளர் அந்தச் சமயத்தில் தடுமாறிக்கொண்டிருந்ததா? எதை எடுத்துவிட்டால் அந்த வெற்றி நடந்திருக்காது?

ஜெயித்தது நம் திறமையாலா அதிர்ஷ்டத்தாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுக்கத் தெரிந்துகொள்ள முடியாது. ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் எதிர்பார்த்த இடத்திலிருந்துதான் வளர்ச்சி வந்ததா என்று பாருங்கள். புதிய பொருளை இளைஞர்களுக்கு என்று கொண்டுவந்து, வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக இருந்தால், லாபம் வந்தது உண்மை, உங்கள் கணிப்பு தப்பு என்பதும் உண்மை. அதே காலத்தில் அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களும் அதே அளவு வளர்ந்தார்களா என்றும் விசாரியுங்கள். எல்லோருக்கும் ஏறியிருந்தால், உங்கள் விளம்பரத்துக்கு அதில் பெரிய பங்கு இருக்க வாய்ப்பில்லை.

திரும்பிப் பார்த்தால் எல்லாமே முன்பே தெரிந்த மாதிரி இருக்கிறதே?

மனசு அப்படித்தான் வேலை செய்யும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிய குறிப்பைப் பலருக்குக் கொடுத்தார். சிலருக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு இதுதான் முடிவு என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொன்றைச் சொன்னார். எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதுதான் நடக்க அதிக வாய்ப்பிருந்தது என்று மக்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் நடக்காத முடிவைச் சொன்னபோதும் இப்படித்தான் ஆனது.

“அந்த ஆளை வேலைக்கு எடுக்கும்போதே எனக்குத் தெரியும்” என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கு அதை எங்கேயாவது எழுதி வைத்தீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால், முடிவெடுக்கும் நாளிலேயே குறிப்பு எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நடந்த பிறகு செய்யும் எந்த அலசலும் இதற்கு ஈடாகாது.

அந்தக் குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

அரைப் பக்கம் போதும். என்ன செய்யப் போகிறோம், ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம், எங்கே சந்தேகம், எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்போம். ஒரு கற்பனைக் குறிப்பைக் காட்டுகிறேன்:

“புதிதாக ஒரு விற்பனை ஆளை எடுக்கிறோம். காரணம், விசாரித்தவர்களில் பாதிப் பேரை நாம் திரும்ப அழைப்பதே இல்லை. எதிர்பார்ப்பு, இனி எல்லா விசாரணைக்கும் ஒரே நாளில் பதில். ஆறு மாதத்தில் ஆர்டர் மாதத்துக்கு 10லிருந்து 14 ஆகும். சந்தேகம், விசாரிப்பவர்களில் பலர் விலையை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் கேட்பவர்களாக இருக்கலாம். திரும்பிப் பார்ப்பது செப்டம்பர் 1.”

செப்டம்பர் வருகிறது. ஆர்டர் 11தான். குறிப்பு இல்லாவிட்டால் ஆள் சரியில்லை என்று முடிவுகட்டி அவரை அனுப்பிவிட்டு இன்னொருவரைத் தேடியிருப்பார்கள். குறிப்பு இருப்பதால் வேறு கதை தெரிகிறது. எல்லா விசாரணைக்கும் அன்றன்றே பதில் போயிருக்கிறது. அந்த ஆள் தன் வேலையைச் செய்திருக்கிறார். சந்தேகம் என்று எழுதிய வரிதான் பலித்திருக்கிறது. அப்படியானால் இனி யோசிக்க வேண்டியது, வாங்கும் எண்ணமுள்ளவர்கள் நம்மை எப்படி வந்து சேர்வார்கள் என்பதைப் பற்றி. ஆளை மாற்றுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

எண்ணாகச் சொல்ல முடிந்ததை எண்ணாகவே எழுதுங்கள். “நன்றாகப் போகும்” என்று எழுதினால் பிறகு எது நடந்தாலும் அதற்குப் பொருத்திக்கொள்ளலாம்.

பழைய முடிவுகளுக்குக் குறிப்பே கிடையாது. என்ன செய்வது?

ஞாபகத்தைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் காகிதம். அன்றைய மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், கொடுத்த கொட்டேஷன், ரத்தான ஆர்டர், திரும்பி வந்த சரக்கு, வங்கிக் கணக்கு. இவற்றிலிருந்து தேதி வரிசையை ஒரு தாளில் எழுதிவிட்டு, அப்புறம் பேசுங்கள். “அவர்கள் பணம் தராததால்தான் வேலை நின்றது” என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த கதை, தேதிகளைப் பார்த்ததும் தலைகீழாவது உண்டு: வேலை நின்ற பிறகுதான் அவர்கள் பணத்தை நிறுத்தியிருப்பார்கள்.

ஜெயித்தவர்களின் அனுபவத்தைக் கேட்டால் போதாதா?

கேட்கலாம், தோற்றவர்களின் அனுபவத்தையும் சேர்த்துக் கேட்டால். துணிந்து கடன் வாங்கிப் பெரிய ஆளானவர் பேட்டி கொடுப்பார். அதே துணிச்சலோடு கடன் வாங்கி மூழ்கிப்போனவரை யாரும் பேட்டிக்குக் கூப்பிடுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு புள்ளியியல் குழுவில் ஆபிரகாம் வால்ட் இந்த ஓட்டையைத்தான் பிடித்தார். திரும்பி வந்த போர் விமானங்களில் எங்கே குண்டு துளைத்திருக்கிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், விழுந்த விமானங்கள் கணக்கிலேயே வருவதில்லை என்றார். என்ஜின் பகுதியில் அடிபட்டவை அதிகம் திரும்பாததால்தான் திரும்பியவற்றின் என்ஜினில் துளை குறைவாகத் தெரிகிறது.

உங்கள் தொழிலில் விழுந்த விமானங்கள், கொட்டேஷன் வாங்கிவிட்டு வேறு இடத்துக்குப் போனவர்களும் ஒரு முறை வாங்கிவிட்டுத் திரும்பி வராதவர்களும்தான். இப்போதைய வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்டால் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். அதனால்தானே இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு தோல்வியின் காரணத்தை எப்படித் தேடுவது?

டொயோட்டாவின் தொழிற்சாலைகளில் புழங்கிய ஒரு பழக்கம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஒரு கோளாறு வந்தால் “ஏன்” என்று ஒரு தடவையோடு நிறுத்தாமல், கிடைத்த பதிலுக்கும் ஏன் என்று ஐந்து தடவை வரை கேட்டுக்கொண்டே போவது. நல்ல பழக்கம்தான். எனக்கு அதில் ஒரே ஒரு மனத்தாங்கல்: ஒரே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரே ஒரு காரணம்தான் கிடைக்கும். பெரிய தோல்விகளில் பல கதவுகள் ஒரே சமயத்தில் திறந்திருக்கும்.

நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று காலை நடந்ததைப் பாருங்கள். 45 நிமிடத்தில் தேவையில்லாத லட்சக்கணக்கான பங்கு ஆர்டர்கள் அதன் கணினிகளிலிருந்து போயின. நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல். புதிய மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியவர் ஒன்றில் ஏற்றாமல் விட்டுவிட்டார். “யாரோ ஒருவர் மறந்தார்” என்று இங்கேயே ஃபைலை மூடியிருக்கலாம்.

விசாரணையில் வந்தது அதைவிட அதிகம். அவர் செய்ததை இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கமே இல்லை. 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திய பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் சர்வரில் கிடந்தது. அதைத் தூண்டும் சமிக்ஞையையே புதிய நிரலுக்கும் பயன்படுத்தினார்கள். அன்று சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்கு வந்திருந்தன. அவை எச்சரிக்கையாக அனுப்பப்பட்டவை அல்ல என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. பதற்றத்தில், சரியாக ஏற்றியிருந்த 7 சர்வர்களிலிருந்து புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பழைய நிரல் ஓட ஆரம்பித்து, சிக்கல் இன்னும் பெரிதானது.

இதில் எந்தக் கதவு மூடியிருந்தாலும் இழப்பு நின்றிருக்கும், அல்லது குறைந்திருக்கும். உங்கள் தோல்வியையும் இப்படியே அலசுங்கள். எது காரணம் என்று கேட்பதோடு, எங்கெல்லாம் இதைத் தடுத்திருக்கலாம் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகப் பதில்கள் வரும்.

தப்பு செய்தவரைக் கண்டிக்கக் கூடாது என்கிறீர்களா?

வேண்டுமென்றே ஏமாற்றியவரை விடச் சொல்லவில்லை. மற்றபடி, கண்டிப்பு அதிகமானால் தப்பு குறையாது, தகவல்தான் குறையும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். நல்ல தலைமை உள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அவற்றில்தான் பதிவான பிழைகள் அதிகம். அங்கே பயப்படாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். விமானத் துறையில் விமானிகள் தங்கள் பிழைகளை ரகசியமாகத் தெரிவிக்க அமெரிக்காவில் நாசா நடத்தும் ஏற்பாடு 1976இலிருந்து இருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் மூன்று மாதமாக யாரும் ஒரு தப்பும் சொல்லவில்லை என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன்.

இதற்கென்று கூட்டம் போட வேண்டுமா? எப்படி நடத்துவது?

அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி முடிந்ததும் கூடி நான்கு கேள்விகள் கேட்பார்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்த தடவை எதை மாற்றுவது, எதை அப்படியே வைத்துக்கொள்வது? அரை மணி நேரம் போதும். வேலை முடிந்த அதே வாரத்தில் நடத்துங்கள். முதலாளி கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும்.

ஜெயித்த வேலைக்கும் இதே கூட்டம், இதே கேள்விகள்.

விற்பனை விழுந்த மாதத்தில் ஒரு மாற்றம் செய்தோம், அடுத்த மாதம் ஏறிவிட்டது. மாற்றம் பலித்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். எந்தத் தொழிலிலும் விற்பனை சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும். வழக்கத்தைவிட மிகவும் மோசமான மாதத்துக்குப் பிறகு, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும், ஓரளவு நல்ல மாதம்தான் வர வாய்ப்பு அதிகம். நாம் மாற்றம் செய்வதோ மோசமான மாதத்தில்தான். அதனால் எந்த வைத்தியமும் பலித்த மாதிரியே தெரியும். முடிந்தால் பாதி இடங்களில் மட்டும் மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு வருடக் கணக்கை எடுத்து, இந்த ஏற்ற இறக்கம் வழக்கமானதுதானா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் இறங்கினோம். அப்படியும் தோற்றது ஏன்?

சோதித்த கேள்வியும் நீங்கள் எடுத்த முடிவும் வேறு வேறாக இருந்திருக்கலாம். கோக்கோகோலா 1985 ஏப்ரல் 23 அன்று தன் பானத்தின் சுவையையே மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். புதியது பிடித்திருக்கிறது என்றே பதில் வந்தது. ஆனால் பழையது இனி கிடைக்கவே கிடைக்காது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தச் சோதனையில் சரியான விடை கிடைக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பி, 79 நாளில் பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தோற்ற திட்டத்தில் மிச்சம் என்று ஏதாவது தேறுமா?

பெரும்பாலும் தேறும். திட்டத்தை மூடுகிற நாளில் வழியில் உருவான கருவி, பழகிய சப்ளையர், கற்றுக்கொண்ட வேலை எல்லாவற்றையும் ஒரு பட்டியல் போடுங்கள். கிளிட்ச் என்ற இணைய விளையாட்டு 2012இல் மூடப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த கருவிதான் பிறகு அலுவலகங்களில் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்லாக் என்ற செயலி ஆனது. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டுபிடித்த பசை வலுவில்லாதது. அதைத் தடவிய, ஒட்டிப் பிய்க்கும் குறிப்புத் தாள்கள் போஸ்ட்-இட் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வர 1980 ஆனது. எல்லாக் குப்பையும் பொன்னாகாது, அதற்காகப் பார்க்காமலே கொட்டிவிட வேண்டாம்.

ஒரு தடவை அடிபட்ட பிறகு அந்தப் பக்கமே போகப் பயமாக இருக்கிறதே?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பூனைக்கு அது போதும், தொழில் நடத்துகிறவருக்குப் போதாது. ஒருவர் கடனுக்குச் சரக்கு வாங்கி ஏமாற்றினார் என்பதற்காக யாருக்குமே கடன் கிடையாது என்று முடிவெடுத்தால், ஒழுங்காகத் தருகிற பத்துப் பேரையும் இழப்பீர்கள். பாடத்தைக் குறுக்கி எழுதுங்கள்: “முதல் மூன்று ஆர்டர் வரை முன்பணம். அதற்குப் பிறகு முப்பது நாள் கடன், இந்தத் தொகைக்கு மேல் கிடையாது.” அடிபட்ட அன்றே இதை எழுத உட்காராதீர்கள், ஒரு வாரம் போகட்டும்.

போட்ட பணம் வீணாகிவிடுமே, எப்போது நிறுத்துவது?

தொடங்கும்போதே நிறுத்தும் கோட்டை எழுதிவிடுங்கள். இவ்வளவு பணம், இத்தனை மாதம், இந்த எண்ணிக்கை வராவிட்டால் நிறுத்தம். உள்ளே இறங்கிய பிறகு போட்ட பணம்தான் கண்ணில் நிற்கும், இனி போடப் போகும் பணம் தெரியாது. நெட்ஃபிளிக்ஸ், தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பும் தன் சேவையை குவிக்ஸ்டர் என்று தனியாகப் பிரிப்பதாக 2011 செப்டம்பரில் அறிவித்து, மூன்றே வாரத்தில் கைவிட்டது. கட்டண உயர்வும் சேர்ந்து அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் எட்டு லட்சம் சந்தாதாரர்களை இழந்திருந்தது. ஊர் சிரித்தது உண்மைதான். கௌரவத்துக்காக இன்னும் ஒரு வருடம் இழுத்திருந்தால் இழப்பு அதோடு நின்றிருக்காது.

பாடத்தையெல்லாம் எழுதி வைத்தும் அதே தப்பு மறுபடி வருகிறதே?

எழுதிய இடம் தப்பு. தனி நோட்டில் இருக்கும் பாடத்தை, வேலை நடக்கும் நேரத்தில் யாரும் புரட்டப் போவதில்லை. “அளவை உறுதிசெய்யாமல் உற்பத்தி தொடங்கக் கூடாது” என்பது பாடமானால், ஆர்டர் படிவத்தில் வாடிக்கையாளர் அளவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் கட்டம் ஒன்று வர வேண்டும். அது காலியாக இருந்தால் படிவம் உள்ளே போகக் கூடாது. ஒரு பாடம் படிவத்திலோ ஒப்பந்தத்திலோ மென்பொருளிலோ யாராவது ஒருவரின் அன்றாட வேலையிலோ போய்ச் சேரவில்லை என்றால், அதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

பழைய பாடம் காலாவதியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அது வந்த தேதியையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். காரணம் மறைந்ததும் விதியை மறுபடி பேசலாம். காரணம் எழுதாத விதியை எடுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது.

பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் பல பக்கம் கால் வைத்து 2003, 2004இல் பெரும் நஷ்டத்தில் தவித்தது. அடிப்படைக் கட்டைகளுக்கே திரும்புவோம் என்று தீர்மானித்து, 2005இல் லெகோலாந்து என்ற கேளிக்கைப் பூங்காக்களின் பெரும்பங்கை விற்றது. அப்போது கையில் பணமும் இல்லை, பூங்காக்களைக் கவனிக்க ஆளும் நேரமும் இல்லை, சரியான முடிவு. 2019இல், நிறுவனம் நல்ல நிலைக்கு வந்து வருடங்கள் ஆன பிறகு, லெகோவை வைத்திருக்கும் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனம் மற்ற முதலீட்டாளர்களோடு சேர்ந்து, அந்தப் பூங்காக்களை நடத்தும் மெர்லின் நிறுவனத்தையே வாங்கியது.